தாத்தாவின் இறப்புச் சான்று: வருடமும் தெரியாது, எந்த ஆபீஸ் என்றும் தெரியாது

நெல்மணி:
வணக்கம். எங்கள் ஊர் பழைய தஞ்சாவூர் மாவட்டம், இப்போது திருவாரூர். ஒன்றே முக்கால் ஏக்கர் நஞ்சை இன்னும் தாத்தா பெயரிலேயே பட்டாவில் கிடக்கிறது. அப்பாவும் போன வருடம் போய்விட்டார். பட்டா மாற்ற வாரிசுச் சான்று வேண்டும், வாரிசுச் சான்றுக்குத் தாத்தாவின் இறப்புச் சான்று வேண்டும் என்று வந்து நிற்கிறது. வீட்டுப் பெட்டியைக் கொட்டிப் பார்த்தாயிற்று, இல்லை. அந்தக் காலத்தில் வாங்கினார்களா என்றே யாருக்கும் தெரியவில்லை.

விஏஓ, "அவ்வளவு பழசு எங்கிட்ட இருக்காது, தாலுகா போங்க" என்றார். தாலுகாவில் சார் பதிவாளர் ஆபீஸுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே மனு எழுதிப் பணம் கட்டி 1980-ஐத் தேடச் சொன்னேன். இல்லை. 1975-ஐத் தேடினார்கள். அதிலும் இல்லை. ஏன் இந்த இரண்டு வருடம் என்றால், பெரிய அத்தை "எம்ஜிஆர் ஆட்சியைக் கலைச்ச வருஷம்" என்கிறார், சித்தப்பா "எமர்ஜென்சி டயம்" என்கிறார். நான் அப்போது பிறக்கவே இல்லை.

இனி வருடம் வருடமாகப் பணம் கட்டித் தேடிக்கொண்டே இருப்பதா? தெரிந்த வக்கீல் ஒருவர், "பதிவே இல்லைன்னு எழுதி வாங்கிட்டு, புதுசாப் பதிஞ்சிடலாம்" என்கிறார். அப்படிச் செய்யலாமா?

வெண்ணாறு:
சிஆர்எஸ் என்கிற அரசின் பிறப்பு இறப்புப் பதிவுத் தளத்தில் பெயரும் தேதியும் போட்டால் வந்துவிடுமே தம்பி. போன மாதம் என் மாமியாருக்கு அப்படித்தான் எடுத்தேன், ஐந்து நிமிட வேலை.

நெல்மணி:
பார்த்துவிட்டேன் அண்ணே. இவ்வளவு பழையது அதில் ஏறவில்லை. போதாததற்குத் தேதி வேறு கேட்கிறது. அது தெரிந்தால் நான் ஏன் இங்கே வருகிறேன்!

பேரேடு:
தம்பி, நான் பதிவேடுகளோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவன். முதலில் அந்த வக்கீல் யோசனையை ஓரமாக வையுங்கள். ஒரு வருடம் தாண்டிய இறப்பைப் புதிதாகப் பதிய வழி இருக்கிறது. முன்பு முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் கோர்ட் உத்தரவு வேண்டும். சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இப்போது ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) மட்டத்திலேயே முடிகிறது. ஆனால் பழைய பதிவு எங்கோ தூங்கிக்கொண்டிருக்க, நீங்கள் வேறு தேதியில் இன்னொன்று போட்டுவிட்டால், ஒரே ஆளுக்கு இரண்டு இறப்புத் தேதி. பங்காளிக்கு மனஸ்தாபம் வந்து வழக்கு என்று போனால், எதிர்த்தரப்பு முதலில் கையில் எடுப்பது அதைத்தான்.

இப்போது ஒரு கேள்வி. தாத்தா இறந்தது எந்த ஊரில்? சொந்த ஊரைக் கேட்கவில்லை. உயிர் எந்த ஊரில் போனதோ அந்த ஊர்ப் பதிவேட்டில்தான் எழுதுவார்கள். ஊரில் வைத்து எரித்தாலும் புதைத்தாலும் கணக்கு மாறாது. என்னிடம் வந்து "இல்லை" என்று வாங்கிப் போனவர்களில் பாதிப் பேர் தேடிய ஊரே தப்பு. வீட்டில் இறந்திருந்தால் அன்றைய மணியக்காரர் எழுதியிருப்பார். ஆஸ்பத்திரியில் என்றால் அந்த ஆஸ்பத்திரி எந்த நகராட்சி எல்லையில் இருக்கிறதோ அங்கே போயிருக்கும்.

இரண்டாவது, பெரியவர்களிடம் "எந்த வருஷம்" என்று கேட்காதீர்கள். அன்றைக்கு என்ன செய்தார்கள், யார் வரவில்லை, மழையா வெயிலா, திதி என்ன என்று கேளுங்கள். கருமாதி மொய் நோட்டு இருந்தால் தங்கம்.

நெல்மணி:
ஐயா, நீங்கள் கேட்ட மாதிரியே கேட்டேன். ஆடிப் போய்விட்டேன். தாத்தா இறந்தது தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில்! இத்தனை நாள் ஊரில் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ராத்திரி வாடகைக் காரில் கொண்டுவந்தார்களாம். தனியாகத் திதி கொடுப்பதில்லை, தை அமாவாசையோடு சேர்ந்துவிடும் என்று பாட்டி சொல்வாராம். மறுநாள் காடு போய் வந்து குளித்துவிட்டு டீக்கடைப் பக்கம் போன ஆண்கள், ராத்திரி ரேடியோவில் ஆட்சி கலைப்புச் செய்தியோடு திரும்பினார்களாம். அத்தை இதில் மட்டும் உறுதியாக இருக்கிறார். மொய் நோட்டு கரையானுக்குப் போய்விட்டது.

திண்ணைவாசி:
இது போதுமே! எம்ஜிஆர் ஆட்சி கலைந்தது 1980 பிப்ரவரி 17. அது மாசி, தை இல்லை. கருணாநிதி ஆட்சி இரண்டு முறை கலைந்தது, இரண்டும் ஜனவரிக் கடைசியில்: 1976 ஜனவரி 31, 1991 ஜனவரி 30. 1991-இல் அந்த நாள் பௌர்ணமி. 1976 ஜனவரி 31 சனிக்கிழமை, அமாவாசை. ஆக உங்கள் தாத்தா 30-ஆம் தேதி வெள்ளிக்கிழமை இறந்திருக்க வேண்டும். அமாவாசை திதி வெள்ளி மதியமே பிறந்துவிட்டது, அதனால் பாட்டி கணக்கும் சரி. எமர்ஜென்சி 1975 ஜூனில் தொடங்கி அப்போது நடந்துகொண்டிருந்தது, எனவே சித்தப்பாவும் பொய் சொல்லவில்லை. அத்தை கட்சியை மட்டும் மாற்றிவிட்டார்.

பேரேடு:
அருமை ஐயா, பஞ்சாங்கத்தையும் அரசியலையும் சேர்த்துப் போட்டுவிட்டீர்கள்.

நெல்மணி தம்பி, தஞ்சாவூர் அப்போது நகராட்சி, 2014-இல்தான் மாநகராட்சி ஆனது. பழைய ஏடுகள் இப்போது மாநகராட்சியில் பிறப்பு இறப்புப் பிரிவில் கேட்க வேண்டும். மனுவில் "1976" என்று மட்டும் எழுதாதீர்கள். ஜனவரி 29 முதல் பிப்ரவரிக் கடைசி வரை பார்க்கச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய்ப் பதிவாக நாள் பிடிக்கும், ஏடு பதிவான வரிசையில் இருக்கும். தாத்தா பெயர், அவர் அப்பா பெயர், பாட்டி பெயர், சொந்த ஊர், ஏறக்குறைய வயது எல்லாம் எழுதுங்கள். வீட்டில் கூப்பிட்ட பெயர் வேறு என்றால் அதையும்தான். 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டித் தேடச் சொல்லலாம், "நீ யார்" என்று திருப்பி அனுப்ப முடியாது. நகலில் இறப்புக்கான காரணம் இருக்காது, அதைக் கேட்டுச் சண்டை போடாதீர்கள்.

பனங்கொட்டை:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கம் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்று ஒரு சிறு புத்தகம் அடிப்பார்கள். அதில் பிறந்த தேதி, இறந்த தேதி, பரம்பரை எல்லாம் இருக்கும். கச்சேரி (அரச அலுவலகம்) ஏடு கிடைக்காவிட்டாலும் தேதியை அதிலிருந்து பிடிக்கலாம். நூலகம் இணையத்தளத்தில் கன நினைவுமலர்கள் கிடக்கு. உங்கட பக்கம் அப்படி ஒன்றும் இல்லையோ?

திண்ணைவாசி:
இங்கே கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான். மூன்றாம் நாள் மாடு தின்றுவிடும்.

நெல்மணி (பதினொரு நாள் கழித்து):
கிடைத்துவிட்டது!

முதல் முறை போனபோது அன்றைக்கு ஏடு எடுக்கும் ஆள் இல்லை. இரண்டாம் முறை சிவப்புத் துணியில் கட்டிய கட்டு ஒன்றைக் கொண்டுவந்து பிரித்தார்கள். ஓரமெல்லாம் பொரிந்து, தொட்டால் உதிர்கிறது. எழுத்தர் பெயரை மட்டும் பார்த்துக்கொண்டே போய் "இல்லை தம்பி" என்று மூடப் போனார். நான் ஊர்ப் பெயரைப் பாருங்கள் ஐயா என்றேன். பிப்ரவரிப் பக்கத்தில் எங்கள் ஊர் இருந்தது. இறந்த தேதி 30.1.1976. பெயர் "கோயிந்தசாமி". வாயால் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார்கள். வயது 55 என்று போட்டிருக்கிறது. பாட்டி கணக்கில் அறுபதைத் தாண்டியவர்.

இப்போது பட்டாவில் "கோவிந்தசாமி", சான்றில் "கோயிந்தசாமி". திருத்த வேண்டுமா ஐயா?

பேரேடு:
தகப்பனார் பெயரும் ஊரும் ஒத்துப்போகிறதல்லவா? அப்படியானால் முதலில் இதை வைத்தே இ-சேவையில் வாரிசுச் சான்றுக்குப் போடுங்கள். இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கிச் சேர்த்து வையுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒத்துக்கொள்ளாவிட்டால் மட்டும், 15-ஆம் பிரிவில் எழுத்துப்பிழைத் திருத்தம் கேட்டு அதே மாநகராட்சிக்குப் போங்கள். வயதை விட்டுவிடுங்கள். அந்தக் காலத்து ஏட்டில் பாதிப் பேருக்கு வயது குத்துமதிப்புதான்.

நெல்மணி:
நேற்று இ-சேவையில் போட்டுவிட்டேன், ஒப்புகைச் சீட்டும் வந்துவிட்டது. அத்தையிடம் நகலைக் காட்டினேன். கண்ணாடி போட்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நான் எம்ஜிஆர்னுல்ல நெனச்சிக்கிட்டிருந்தேன்" என்றார்.

வெண்ணாறு:
நல்லது தம்பி. சந்தோஷத்தில் கொண்டுபோய் லேமினேட் மட்டும் பண்ணிவிடாதீர்கள். நான் பண்ணிவிட்டு, முத்திரை வைக்க முடியாது என்று திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி மனு எழுதியவன்.