கக்கெகொத்தொபா: தமிழில் என்ன சொல்லலாம்?

ந.:
நண்பர்களே, சீன, கொரிய, ஜப்பானிய மரபிலக்கிய அறிமுக நூலின் சொற்பட்டியல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஜப்பானியப் பாட்டில் ஒரே சொல் இரு பொருளில் நின்று முன்னும் பின்னும் சேரும் உத்தியான 'கக்கெகொத்தொபா'வுக்கு இப்போதைக்குச் 'சிலேடை' என்று போட்டிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை. கொக்கின்ஷூ என்ற பழைய ஜப்பானியப் பாட்டுத் தொகையின் 365ஆம் பாட்டு, அரிவரா நோ யுக்கிஹிரா பாடியது:

தச்சிவக்கரே / இநபா நோ யமா நோ / மினே நி ஓரு / மத்சு தோ ஷி கிக்கபா / இமா கயெரிகொமு

'மத்சு' என்றால் பைன் மரம், காத்திருத்தலும் மத்சுதான். 'இநபா மலையுச்சியில் வளரும்' என்று வரும்போது மரம். 'என்று கேட்டால் இப்போதே திரும்பி வருவேன்' என்று போகும்போது காத்திருத்தல். இநபாவும் அப்படியே: ஊர்ப்பெயர், பிரித்தால் 'போனால்'. பாட்டின் 31 ஒலியலகுக்குள் இப்படி இரண்டு இடம்.

இரா.:
சிலேடை வடசொல். 'இரட்டுறமொழிதல்' இருக்கும்போது தேடுவானேன்?

கு.:
> 'இரட்டுறமொழிதல்' இருக்கும்போது

ஐயா, வடசொல்லா தமிழா என்பது அடுத்த கேள்வி. இரண்டு பெயருமே வேறொன்றைக் குறிக்கின்றன. கொரியாவின் ஹ்வாங் ஜினி பாடிய சிஜோ என்ற சிறு பாவில் 'பியொக்கியேசு' நீலப் பள்ளத்தாக்கு நீர். அரச குடும்பத்தான் ஒருவன் பெயரும் அது. 'மியொங்வொல்' முழுநிலவு, அவள் புனைபெயரும் அது. ஓடும் நீரே, கடல் சேர்ந்தால் திரும்ப முடியாது, நிலவு நிறைந்த மலையில் சற்றே தங்கிப் போ என்கிறாள். இரு பொருளும் முதலிலிருந்து முடிவு வரை பக்கம் பக்கமாக நடக்கின்றன. சீனாவின் தாங் காலத்து லியு யூஷியின் பாட்டில் 'கிழக்கே வெயில், மேற்கே மழை' என்றபின் வரும் 'ச்சிங்' வெயிலுமாம், காதலுமாம். இவை சிலேடை. மத்சு அப்படியன்று. முன்பாதிக்கு மரம், பின்பாதிக்கு வினை. ஒன்றை விட்டால் வாக்கியமே அறுந்துபோகும்.

வே.:
அப்படியானால் நன்னூலிலேயே விடை இருக்கிறது: தாப்பிசைப் பொருள்கோள். இடையில் நிற்கும் சொல் முன்னும் பின்னும் சென்று பொருள் தருவது. குறள் 255, 'உண்ணாமை உள்ளது உயிர்நிலை ஊனுண்ண'. ஊன் என்பது 'உண்ணாமை'க்கும் போகிறது, 'உண்ண'வுக்கும் போகிறது. 'தாப்பு' என்பது தாம்பு, அதாவது ஊசல் கயிறு; சொல் அதைப்போல் இரு பக்கமும் ஆடுகிறது. ஜப்பானியத்தில் 'கக்கெரு' என்றாலும் தொங்கவிடுதல், மாட்டுதல்; வேறு எழுத்தில் எழுதினால் பாலம் போடுதல். இரு மொழியும் ஒரே கயிற்றைப் பிடித்திருப்பதைப் பாருங்கள்! 'மாட்டுதல்' என்றதும் தொல்காப்பியச் செய்யுளியலின் 'மாட்டு' நினைவுக்கு வருகிறது. நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டில் அதைக் கொண்டு எவ்வளவு தூரத்துச் சொற்களைச் சேர்க்கிறார்! 'மாட்டுச்சொல்' என்றே வைக்கலாம்.

செ.:
'மாட்டுச்சொல்' வேண்டாம் ஐயா. வகுப்பில் முதல் நாளே மாடு வந்து நிற்கும், விளக்கம் பிறகுதான் வரும். தாப்பிசையிலும் ஒரு குறை. குறளில் ஊன் இரண்டு பக்கமும் ஊன்தான், பொருள் மாறவில்லை. கக்கெகொத்தொபாவில் மாறியே ஆக வேண்டும். தமிழில் செய்து பார்த்தேன்:

அவள் தொடுத்த மாலை வந்தும் அவன் வரவில்லை.

'தொடுத்த' வரை பூமாலை, 'வந்தும்' என்றதும் பொழுது. தாப்பிசையின் இடமும் சிலேடையின் இரட்டைப் பொருளும் சேர்ந்தால்தான் இது. ஆகவே 'ஊசற்சிலேடை'.

கு.:
மாலை எடுத்துக்காட்டு அருமை அம்மா. அதை அப்படியே நூலில் போடுங்கள். மாணவருக்கு அதுவே போதும். பிரித்தால் வேறு பொருள் தரும் இநபா பிரிமொழிச் சிலேடை, பிரிக்காமலே இரு பொருள் தரும் மத்சு செம்மொழிச் சிலேடை என்று தண்டியலங்காரப் பெயர்களையும் ஒட்டலாம்.

இரா.:
அரைப்பங்கு வடசொல்லை ஏற்கமாட்டேன். 'ஊசலிரட்டுறல்' என்றாவது வையுங்கள்.

ந.:
உரக்கப் படித்துப் பார்த்தேன் ஐயா, நாக்கு புரளவில்லை. பெரும்பாலோருக்கு 'ஊசற்சிலேடை' சரி என்பதால் அதையே பதிகிறேன். ஜப்பானியப் பெயர் அடைப்புக்குறிக்குள் வரும், மாலை வரி அடிக்குறிப்பில். அடுத்து 'மகுராகொத்தொபா': 'இரவு' என்ற சொல்லுக்கு முன் 'நுபதமா நோ' வருவதுபோல், குறித்த சொற்களுக்கு முன் வழக்கமாக வரும் ஐந்தலகு அடை. 'தலையணைச்சொல்' என்ற நேர்பெயர்ப்பா, 'மரபடை'யா?

வே.:
'மரபடை' சரி. ஆனால் தாப்பிசையை விட்டது தவறு என்றே இன்னும் சொல்வேன்.