திரைப்படத் தயாரிப்பில் பட்டப்படிப்பு: தமிழில் படமெடுக்க விரும்பும் மாணவர்க்குத் தேவையா?

பொங்கோல் தாய்:
என் மகள் இங்கே சிங்கப்பூரில், பலதுறைத் தொழிற்கல்லூரி ஒன்றில் திரைப்படத் தயாரிப்புப் பட்டயப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறாள். அடுத்து லாசால் கலைக் கல்லூரியிலோ, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கலை, வடிவமைப்பு, ஊடகப் பள்ளியிலோ இதே துறையில் பட்டம் பெற விரும்புகிறாள். என் தம்பியோ, மூன்றாண்டு படித்ததே போதும், இனிப் படப்பிடிப்பில் நின்றுதான் கற்க வேண்டும் என்கிறான். கட்டணம் எங்களுக்குச் சிறு தொகையன்று. ஆனாலும் என் கேள்வி அதைப் பற்றியதில்லை. அவள் தமிழில் படமெடுக்க ஆசைப்படுகிறாள். அந்த ஆசைக்கு எந்த வழி உதவும் என்று துறையில் இருப்பவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

உட்லண்ட்ஸ் ஒலிப்பதிவாளர்:
அம்மா, உங்கள் தம்பி சொல்வதே சரி. நான் 17 ஆண்டுகளாகத் தமிழ் நாடகங்களுக்கு ஒலிப்பதிவு செய்து வருகிறேன். 2008இல் முழுத் தொலைக்காட்சி ஒளிவழியாக மாறிய வசந்தமும், அதற்கு நிகழ்ச்சிகள் செய்து தரும் சில தயாரிப்பு நிறுவனங்களுமே இங்கே தமிழில் தொடர்ந்து வேலை தருபவை. அங்கே என்னிடம் எவரும் பட்டச் சான்றிதழைக் கேட்டதில்லை. முன்பு செய்த வேலையைப் பார்த்தார்கள், உடன் வேலை செய்தவர்களிடம் விசாரித்தார்கள்.

ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர், ஹவ்காங்கில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், நகர மன்றத்தின் அனுமதியெல்லாம் முறையாகப் பெற்று, தாயும் மகனும் பேசும் காட்சியைப் படமாக்கினார். குயில் கூவியது; பாய லேபார் விமானத் தளத்திலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று கடந்து போனது; அப்பால் எங்கோ புல்வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வசனம் முடிந்ததும் எல்லாரையும் அசையாமல் நிற்கவைத்து அந்த இடத்தின் வெறும் ஒலியை ஒரு நிமிடமாவது பதிவு செய்திருந்தால், வசனங்களுக்கு இடையே வெட்டிய இடங்களை அதைக் கொண்டு நிரப்பியிருக்கலாம். அவர் செய்யவில்லை. தொகுப்பில் ஒவ்வொரு வெட்டிலும் பின்னணி ஒலி தாவியது. கடைசியில் முழு வசனத்தையும் ஒலிக்கூடத்தில் மறுபடியும் பேசவைத்தார்கள். இதைக் கற்க ஒரு வாரப் படப்பிடிப்பு போதும்.

படத்தொகுப்பாளர்:
ஐயா, நீங்கள் சொன்ன பிழை உண்மையானது. நானும் அதைச் செய்திருக்கிறேன். ஆனால் அது கைத்தொழில் பற்றியது. அதைத் தளத்தில்தான் விரைவாகக் கற்க முடியும் என்பதை மறுக்கவில்லை. நான் பட்டப்படிப்பில் பெற்றது வேறு. என் இறுதியாண்டுக் குறும்படத்தை ஒன்பது முறை தொகுத்தேன். எனக்கு மிகவும் பிடித்த காட்சியை ஏழாவது முறைதான் வெட்டி எறிய மனம் வந்தது. ஒரே படத்தோடு ஏழு மாதம் இருக்க எந்தத் தயாரிப்பு நிறுவனமும் என்னை விட்டிருக்காது. 2013இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் முதல் படத்துக்கான கேமரா தோர் விருதை வென்ற சிங்கப்பூர் இயக்குநர் ஆண்டனி சென், நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் பெற்றதோடு நின்றுவிடாமல் பிரிட்டனின் தேசியத் திரைப்பட, தொலைக்காட்சிப் பள்ளிக்கும் போய்ப் படித்தவர்.

தாயாருக்கு ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். என் ஆசிரியர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. என் படத்தில் ஒரு மாமியார், மருமகனை முதலில் ‘வாங்க மாப்பிள்ளை’ என்று வரவேற்பார். மருமகன் வேலையை இழந்த பிறகு வாசலில் நிற்பவரைப் பார்த்து ‘வா’ என்பார். படமே அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது. திரையின் அடியில் ஓடிய ஆங்கில வரிகளிலோ இரண்டுக்கும் ஒரே சொல்.

உட்லண்ட்ஸ் ஒலிப்பதிவாளர்:
என் வாதத்தை நீங்களே வலுப்படுத்திவிட்டீர்கள், தங்கச்சி. உயிர் நாடியான சொல் காதில் விழாத இடத்தில் மூன்று நான்கு ஆண்டுகளை எதற்குக் கழிக்க வேண்டும்? மணிரத்னம் படித்தது மேலாண்மை. படமெடுப்பதற்காக அவர் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டிஷ் கலைப் பள்ளி 2007இல் இங்கே திறந்த கிளையும் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. ஆண்பிள்ளைகளாக இருந்தால் இரண்டாண்டுத் தேசிய சேவையும் சேர்ந்து, முதல் வேலைக்கு வரும்போது வயது 25ஐத் தாண்டிவிடுகிறது. தளத்தில் எங்கள் இயக்குநர்கள் தமிழில் சிந்திப்பவர்கள். ‘வா’வுக்கும் ‘வாங்க’வுக்கும் உள்ள தூரம் அவர்களுக்குத் தெரியும்.

படத்தொகுப்பாளர்:
மணிரத்னத்தைச் சொன்னால், புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்த பாலுமகேந்திராவையும், சென்னைத் திரைப்படக் கல்லூரியில் படித்த பி.சி. ஸ்ரீராமையும் நான் சொல்வேன். இப்படிப் பெயர்களை அடுக்கினால் விவாதம் முடியாது. நான் முழுவதும் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது.

அந்தக் காட்சியைப் பார்த்த ஆசிரியர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “இரண்டாவது முறை கதவைத் திறக்கும்போது இந்த அம்மாளுக்கு என்ன ஆயிற்று? எனக்கு எதுவும் தெரியவில்லையே.” தமிழ் தெரியாததால்தான் தெரியவில்லை என்று எனக்குக் கோபம் வந்தது. அன்றிரவு ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. முகத்தில், கையில், நிற்கும் விதத்தில் எந்த மாற்றமும் இல்லை. எல்லாப் பாரத்தையும் வசனத்தின் மேல் இறக்கிவைத்துவிட்டு நான் சும்மா இருந்திருக்கிறேன். மறுபடியும் நடிகையை வரவழைத்து, முதல் வருகையில் தண்ணீர்ச் செம்பை இரு கைகளால் நீட்டுவதாகவும், இரண்டாவது வருகையில் அதை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போவதாகவும் எடுத்தேன். ‘வா’ என்ற சொல் அப்படியே இருந்தது. அதன் பிறகுதான் அது சுட்டது.

ஒரு நாளில் எத்தனையோ காட்சிகளை முடித்தாக வேண்டிய நாடகப் படப்பிடிப்பில், தமிழ் தெரிந்த எல்லாருக்கும் அந்தச் சொல் புரிந்திருக்கும். ஆகவே எவரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
மொழி தெரிந்தவரின் காதும் வேண்டுமே. மாணவி தம் திரைக்கதையைப் படப்பிடிப்புக்கு முன் தமிழ் அறிந்த இரண்டு மூன்று பேரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டலாம். தேசிய நூலகத்தில் சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுகதைகள் நிறைய உள்ளன. இங்குள்ள மனிதர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை அவற்றில் படிக்கலாம்.

பொங்கோல் தாய்:
அனைவருக்கும் நன்றி. செம்பைப் பற்றி எழுதியதை மகளிடம் படித்துக் காட்டினேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தன் பழைய குறும்படத்தை ஒலியில்லாமல் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். விண்ணப்பிக்கப் போகிறாள் என்றுதான் நினைக்கிறேன்.

உட்லண்ட்ஸ் ஒலிப்பதிவாளர்:
அந்தச் செம்பு எனக்கும் பிடித்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஓராண்டு வேலை செய்துவிட்டுப் பிறகு சேரட்டும் என்பதே என் எண்ணம். எதைக் கேட்கப் போகிறோம் என்று தெரிந்த பிறகு வகுப்பில் உட்காருவது நல்லது. தேர்வு முடிந்ததும் ஒரு சனிக்கிழமை எங்கள் படப்பிடிப்புக்கு அழைத்து வாருங்கள், அம்மா. நீங்களும் உடன் இருக்கலாம். காலை ஏழு மணிக்குத் தொடங்குவோம். ஒலிவாங்கி பொருத்திய நீண்ட ஒலிக்கோலை அவளே பிடிக்கட்டும்.