நியூகாசில் லைட் ரயில்: 2.7 கி.மீ.யோடு நிறுத்துவதா, பிராட்மெடோ வரை நீட்டுவதா?

மின்பாதை (கேள்வி):
ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரில் 2019 பிப்ரவரி முதல் லைட் ரயில் (டிராம்) ஓடுகிறது. இன்டர்சேஞ்ச் (ரயிலிலிருந்து டிராமுக்கு மாறும் நிலையம்) தொடங்கி நியூகாசில் பீச் வரை ஆறே நிறுத்தங்கள், 12 நிமிடப் பயணம். ஓடிக்கொண்டிருந்த ரயிலை எடுத்துவிட்டு டிராம் போட்டதில் ஊருக்கு என்ன லாபம்? மேற்கே பிராட்மெடோவுக்கும், பிறகு ஜான் ஹண்டர் மருத்துவமனைக்கும் நீட்டச் சொல்கிறார்கள். மேலே கம்பி இல்லாமல் ஓடும் வண்டி அதற்குத் தாங்குமா?

சாலைச்சந்தி:
முன்பு இதே தூரத்தில் விக்கம், சிவிக், நியூகாசில் என மூன்றே நிலையங்கள். வேலி போட்ட தண்டவாளம் ஹண்டர் தெருவையும் துறைமுகக் கரையையும் பிரித்து வைத்திருந்தது. இப்போது நிறுத்தங்கள் இரட்டிப்பு, தெருவிலிருந்து கரைக்கு நேரே நடந்து போகலாம். இதுதான் உண்மையான லாபம்.

நஷ்டம், ரயில் இப்போது இன்டர்சேஞ்சோடு நின்றுவிடுவதால் மெயிட்லாண்ட் போன்ற வெளியூர்களிலிருந்து வருபவர் வண்டி மாற வேண்டியது. டிராம் 7.5 நிமிடத்துக்கு ஒன்று வரும் நேரத்தில் சராசரியாக நாலு நிமிடம் காத்திருந்தால் போதும். 15 நிமிட இடைவெளியில் அது ஏழெட்டு நிமிடமாகிவிடும். 12 நிமிடப் பயணத்துக்கு இது அதிகம். சராசரி வேகமும் மணிக்கு 13.5 கி.மீ.தான். பாதை நீண்டு, ஆட்கள் வீட்டுப் பக்கத்திலேயே ஏற முடிந்தால் மாறும் தேவையே பலருக்கு இருக்காது. அதனால் நீட்டுவதே சரி என்பேன்.

வோல்ட்டேஜ்:
மின்சாரத்தைப் பார்ப்போம். நிறுத்தத்தில் பான்டோகிராஃப் (கூரையில் உள்ள, மின்சாரம் எடுக்கும் கை) எழும்பி, மேலே உள்ள சார்ஜ் கம்பியைத் தொடும். ஆள் ஏறி இறங்குவதற்குள் சூப்பர் கெப்பாசிட்டர் (வேகமாகச் சார்ஜ் ஆகும் மின்சேமிப்பி) நிரம்பும். தட்டையான ஹண்டர் தெருவுக்கு இது போதும். மேடுதான் சிக்கல். ஆட்களோடு வண்டி 60 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர் உயரம் ஏற மட்டுமே 1.6 கிலோவாட்-மணி வேண்டும், இழப்புகளைச் சேர்க்காமல். மருத்துவமனையோ குன்றின் மேல் இருக்கிறது. சிக்னலில் நின்றாலும் ஏசி இழுத்துக்கொண்டே இருக்கும்: 30 கிலோவாட் என்றால் இரண்டு நிமிடத்தில் 1 கிலோவாட்-மணி காலி. ஆகவே நிறுத்தங்களுக்கு இடையே தூரம் கூடக்கூட, டிராமுக்குச் சிக்னலில் முன்னுரிமை கட்டாயம்.

பிராட்மெடோ வரை இப்போதைய முறையே ஒத்துவரலாம், நிறுத்தங்கள் நெருக்கமாக இருந்தால். அதற்கு மேல் கம்பி இழுப்பதே நல்லது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 2019 டிசம்பரில் திறந்த நகர மையப் பகுதியில் டிராம் பேட்டரியில் ஓடி, மற்ற இடங்களில் கம்பிக்கு மாறிக்கொள்கிறது. மையம் கம்பியில்லாமல், மேடு கம்பியோடு: இங்கும் அப்படிச் செய்யலாம்.

மின்பாதை:
பிராட்மெடோவுக்குத்தான் ஏற்கெனவே ரயில் போகிறதே?

நேரஅட்டவணை:
போகிறது, ஆனால் வழியில் ஹாமில்டன் ஒன்றுதான் நிலையம். டியூடர் தெரு வழியாகப் போனால் நடுவிலுள்ள கடைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் சேவை கிடைக்கும். ரயில் பாதையை ஒட்டியே போட்டால் பணம் வீண்.

வண்டிக் கணக்கையும் போட்டுவிட வேண்டும். இப்போது போக 12, வர 12, இரு முனையிலும் 3 நிமிடம்: சுற்று 30 நிமிடம். 7.5 நிமிட இடைவெளிக்கு 4 வண்டி ஓடினால் போதும், இருப்பது 6. இன்னும் 3 கி.மீ. சேர்ந்து, 18 கி.மீ. வேகம் கிடைத்தாலும் சுற்று 50 நிமிடமாகும். அப்போது ஓட்டத்துக்கு 7, மாற்றுக்கு 2, ஆக 9. மூன்று வண்டி புதிதாக வாங்க வேண்டும், பணிமனையில் அவற்றுக்கு இடமும் வேண்டும்.

இன்னொன்று, இன்டர்சேஞ்சில் டிராம் தண்டவாளம் ரயில் நிலையத்தின் பக்கத்திலேயே முடிகிறது. மேற்கே போக, அதற்கு முன்பே தெருவுக்குத் திருப்ப வேண்டும். ரயில் பயணிகள் அந்த வளைவிலிருந்து எவ்வளவு நடக்க வேண்டும் என்பதை முதலில் வரைந்து பார்க்கட்டும். டியூடர் தெருவின் அடியில் ஓடும் குழாய், கேபிள் எல்லாவற்றையும் ஒப்பந்தத்துக்கு முன்பே தோண்டிப் பார்க்கட்டும். சிட்னி ஜார்ஜ் தெருவில் வேலை இழுத்தடித்ததற்கு நிலத்தடி மின் இணைப்புகள் ஒரு பெரிய காரணம்.