"அவளுக்கு எதுவுமே வேண்டாம்" என்று பெருமைப்படும் கணவரிடம் எப்படிச் சொல்வது?

கொங்குத்தும்பி கேட்டது:

ஊரில் யாரிடமும் கேட்க முடியாத விஷயம், அதனால்தான் இங்கே. என் கணவர் நல்லவர். குடி கிடையாது, கை நீட்டியதில்லை, சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பார். (இதையெல்லாம் சொன்ன பிறகுதான் நாம் ஒரு குறை சொல்லவே முடியும், அது வேறு கதை.) சொந்தக்காரர்கள் முன்னால் "அவளுக்கு எதுவுமே வேண்டாம், ஒரு தொந்தரவும் கிடையாது" என்று பெருமையாகச் சொல்வார். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஹோட்டலுக்குப் போனால் என்னைக் கேட்காமலே எனக்கு ரவா தோசை சொல்லிவிடுவார். எனக்கு ரவா தோசை பிடிக்காது. நிச்சயம் முடிந்து முதன்முதலில் வெளியே போனபோது ஆசையாக வாங்கித் தந்தார், நன்றாக இருக்கிறது என்றேன், அன்றிலிருந்து அதேதான்.

தோசை போகட்டும். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது, காலேஜ் நாளிலேயே போய்விட்டது. அவர்கள் வீட்டிலோ முருகன்தான் எல்லாம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடை, ஐப்பசியில் கந்த சஷ்டி ஆறு நாளும் மாமியாரோடு நானும் விரதம். பெண் பார்க்க வந்தபோது கேட்டார்கள், அம்மா சொல்லிக்கொடுத்தபடி தலையாட்டினேன். ஆறாம் நாள் திருச்செந்தூர் சூரசம்ஹாரத்தை டிவியில் பார்த்து எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்போது நானும் போட்டுக்கொள்வேன். அவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு வேறு யாருக்கோ போகிற மாதிரி இருக்கும்.

என்னை ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை என்று கோபம் வருகிறது. இப்போது போய் உண்மையைச் சொன்னால் ஏமாற்றிவிட்டாய் என்பாரோ என்று பயமும் வருகிறது.

ரயில்வேகாலனி:

கோபித்துக்கொள்ளாதீர்கள் சகோதரி, நேராகவே கேட்கிறேன். நன்றாக இருக்கிறது என்று நீங்கள் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி இன்றுவரை மறக்காமல் வாங்கித் தருகிற மனுஷனை, பொருட்டாக நினைக்காதவர் என்று எப்படிச் சொல்வது? அவர் அலட்சியம் செய்வது உங்களை இல்லை, உங்களை அவருக்கு இன்னும் தெரியாது. ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் புதுமணத் தம்பதிகளைக் கவனித்துவிட்டு ஆறு வருடம் கழித்துப் பார்த்தார். சேர்ந்தே இருந்தவர்கள், துணை சின்னதாக ஏதாவது சொல்லிக் கூப்பிட்டால் 100க்கு 86 தடவை முகம் கொடுத்திருக்கிறார்கள், பிரிந்தவர்கள் 33 தடவைதான். நீங்கள் கூப்பிடவே இல்லையே, அவர் எதற்கு முகம் கொடுப்பார்?

மாடிவீட்டுமல்லி:

"சொல்ல வேண்டியதுதானே" என்பது ஆண்களுக்குச் சுலபம் தம்பி. அந்தத் தலையாட்டலை அந்தப் பெண் தானாகவா ஆட்டினாள்? பெண் பார்க்கும் கூடத்தில் உட்காரவைத்து, எதற்கெல்லாம் சரி சொல்ல வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்புகிறோம். டேனா ஜாக் என்ற உளவியலாளர் மனச்சோர்வில் இருந்த பெண்களிடம் பேசிப் பேசி 1991இல் எழுதியதும் இதுதான். உறவு கெட்டுவிடக் கூடாதென்று வெளியே ஒத்துப்போவாள், உள்ளே கொதித்துக்கொண்டிருப்பாள். அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் பல தலைமுறையாக நடக்கும் இதயநோய் ஆய்வில் 2007இல் ஒரு கட்டுரை வந்தது. வீட்டில் சண்டை வரும்போது வாயை மூடிக்கொள்கிற பெண்கள் அடுத்த பத்து ஆண்டில் இறக்கும் வாய்ப்பு, பேசிவிடுகிற பெண்களைவிடக் கிட்டத்தட்ட 4 மடங்கு. ஆண்களிடம் அப்படி ஒரு வித்தியாசமே தெரியவில்லை. மௌனம்தான் கொன்றது என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் வாயை மூடிக்கொண்டால் வீட்டில் நிம்மதி என்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்கட்டும்.

அவர் மேலும் தப்பு இருக்கிறதும்மா. இத்தனை வருடத்தில் ஒரு தடவை மெனு கார்டை உன் பக்கம் தள்ளியிருக்கலாம் இல்லையா? எதுவும் வேண்டாம் என்கிற மனைவி வசதியாக இருக்கிறாள், அதனால் கேட்கவில்லை.

நெய்தல்நிலத்தான்:

நான் உங்கள் கணவர் இடத்தில் இருந்தவன். என் மனைவி ஒருநாள், எங்கள் அக்கா வீட்டுக்குப் போவதே தனக்குப் பிடிக்காது என்றாள். ஒவ்வொரு லீவுக்கும் போய்க்கொண்டிருந்தோம், முதல் ஆளாகப் பையை எடுத்துவைப்பவள் அவள்தான். எனக்கு வந்த கோபம் அக்காவைச் சொன்னதற்காக இல்லை. அந்தக் கூடத்தில் சிரித்துப் பேசிய அத்தனை நாளும் நடிப்பா, என்னோடு சிரித்ததில் எது நிஜம் என்று ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்துவிட்டேன், தூக்கமே போயிற்று. ஆறுவதற்குச் சில வாரம் ஆனது. அதனால் உங்களுக்குச் சொல்வது: எது நடிப்பு இல்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். அவர் தானாகக் கண்டுபிடித்துக்கொள்வார் என்று விடாதீர்கள், ஆண்கள் அந்த நேரத்தில் மோசமானதைத்தான் கண்டுபிடிப்போம்.

கொங்குத்தும்பி:

எல்லோருக்கும் நன்றி. ரயில்வேகாலனி அண்ணா சொன்னது சுருக்கென்று தைத்தது, பதில் சொல்லத் தெரியவில்லை. அவரிடம் சொல்லிவிடலாம் என்றுதான் படுகிறது. ஆனால் மாமியார் காதுக்குப் போனால்? அவங்களுக்கு நான் மகள் மாதிரி, மனசு ஒடிந்துவிடும்.

மாடிவீட்டுமல்லி:

மாமியாரிடம் எதற்கு? அறுபது வயதுக்கு மேல் அவங்களுக்கு இந்தக் கணக்கு வேண்டாம். அவங்களுக்காக ஆறு நாள் பட்டினி கிடக்க உனக்குச் சம்மதம் என்றால் கிட, அது பொய் இல்லை, பிரியம். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு நீ எதற்காகக் கிடக்கிறாய் என்று தெரிந்திருக்க வேண்டும். தோசையில் ஆரம்பி, அதற்கு அவர் எப்படி முகம் கொடுக்கிறார் பார். சிரித்துக்கொண்டே "பிடிக்காதா, சொல்லவே இல்லையே" என்றால் மீதியை ஒரு மாதத்துக்குள் சொல்லிவிடு. முறைத்தால் மறுபடி இங்கே வா, பேசுவோம். சஷ்டி நேரத்தில் மட்டும் ஆரம்பிக்காதே, வீடு நிறைய ஆள் இருக்கும்.