கவிழ்த்த டம்ளருக்குள் இருக்கும் காகிதம் மூழ்கியதா, இல்லையா?

நீர்க்காகம்:
சின்ன வயதில் பலரும் செய்து பார்த்த சோதனைதான். காகிதத்தைக் கசக்கி டம்ளரின் அடியில் திணித்து, கவிழ்த்து, சாயாமல் வாளித் தண்ணீருக்குள் அமுக்க வேண்டும். வெளியே எடுத்தால் காகிதம் காய்ந்தபடியே இருக்கும். டம்ளர் மூழ்கியிருந்தது, சரி. காகிதம்? அதுவும் மூழ்கியதுதான் என்கிறேன். நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டதே.

அரைக்குடம்:
நனையாத காகிதம் எப்படி மூழ்கியதாகும்? உங்கள் கணக்குப்படி நீர்மூழ்கிக் கப்பலுக்குள் குறட்டை விட்டுத் தூங்குகிற மாலுமியும் மூழ்கிவிட்டார்!

நீர்க்காகம்:
நனைவதை வைத்து முடிவு பண்ணாதீர்கள். இரும்புக் குண்டு ஒன்றைப் பாதரசத்துக்குள் விரலால் அமுக்கி எடுங்கள். ஒரு துளி ஒட்டியிருக்காது. அப்போ குண்டு மூழ்கவே இல்லையா?

அரைக்குடம்:
'நனையாத' என்று எழுதியது தப்புதான், வாபஸ். ஆனால் ஒட்டுவது வேறு, தொடுவது வேறு. குண்டைப் பாதரசம் எல்லாப் பக்கமும் தொட்டு அழுத்துகிறது. தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் இரும்புக்கு 7.8, பாதரசத்துக்கு 13.6. அதனால்தான் விரலை எடுத்ததும் குண்டு மேலே வந்து மிதக்கிறது. உங்கள் காகிதத்தைத் தண்ணீர் தொடவே இல்லை. தொடுவது காற்று.

நீர்க்காகம்:
அந்தக் காற்றை அழுத்துவது எது? அதே டம்ளரை 10 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோனால் உள்ளே இருக்கும் காற்று ஏறக்குறைய பாதியாகச் சுருங்கிவிடும். காகிதத்தின் மேல் விழுவது அந்த ஆழத்துத் தண்ணீரின் அழுத்தமேதான். மாலுமி விஷயம் அப்படி இல்லை. அவருக்காகக் கப்பலின் சுவர் அழுத்தத்தைத் தாங்கிக்கொள்கிறது. டம்ளருக்கு வாய் திறந்துகிடக்கிறதே.

துலாக்கோல்:
இவ்வளவு நேரமும் ஆர்க்கிமிடீஸை யாருமே கூப்பிடவில்லை. அடர்த்தி 2.5 உள்ள 1 கிலோ கல்லைத் தராசில் நூல் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீருக்குள் இறக்குங்கள். தராசு 600 கிராம்தான் காட்டும். மிச்சம் 400 கிராம், கல் ஒதுக்கித் தள்ளிய தண்ணீரின் எடை. ஆக, எவ்வளவு தண்ணீரை விலக்கியது என்று கேட்பதுதான் முறை. காகிதத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தையும் காற்றால் நிரப்பினால் டம்ளர் விலக்கும் தண்ணீர் துளிகூட மாறாது. காகிதம் தண்ணீரை விலக்கவில்லை, காற்றைத்தான் விலக்கியது. அது மூழ்கியிருப்பது காற்றில்.

அரைக்குடம்:
இதைத்தானே தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தேன்.

நீர்க்காகம்:
கொஞ்சம் பொறுங்கள். தொட்டியின் அடித்தளத்தில் தட்டையான ரப்பர் துண்டு ஒன்றைச் சொட்டுத் தண்ணீர்கூட அடியில் புகாமல் அழுத்தி ஒட்டிவிடுகிறேன். அப்புறம் தொட்டியை நிரப்புகிறேன். அடிப்பக்கத்தைத் தண்ணீர் தொடவில்லை. அரைக்குடம் கணக்கில் அது மூழ்கவில்லை. ஆனால் தன் பருமனுக்கு ஏற்ற தண்ணீரை விலக்கியிருக்கிறது. துலாக்கோல் கணக்கில் மூழ்கிவிட்டது. யார் சொல்வது சரி?

துலாக்கோல்:
வம்பான கேள்வி. மிதப்பு விசை என்பதே கீழே அழுத்தம் கூடுதலாகவும் மேலே குறைவாகவும் இருப்பதால் வருவது. அடியில் தண்ணீரே இல்லையென்றால் மேலே தள்ள ஆளில்லை. மேலே நிற்கும் தண்ணீர் ரப்பரைத் தரையோடு இன்னும் அமுக்கத்தான் செய்யும். அங்கே ஆர்க்கிமிடீஸ் சூத்திரத்தை அப்படியே போட முடியாது. ஓரம் லேசாகக் கிளம்பித் தண்ணீர் அடியில் நுழைந்த பிறகுதான் செல்லும்.

அரைக்குடம்:
அப்படியென்றால் ஓரம் கிளம்பும் வரை அது மூழ்கவில்லை என்று எழுதிக்கொடுங்கள்.

துலாக்கோல்:
மாட்டேன். மூழ்கியதுதான், மிதப்பு விசை மட்டும் இல்லை.

நீர்க்காகம்:
அப்போ விலக்கியதும் தொட்டதும் இனி அளவுகோல் இல்லை, நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் போதும். காகிதத்துக்குத் திரும்பலாமா?