மொன்டெரே நகரத்தை ஏன் மூன்று தடவை நிறுவினார்கள்?

உவர்மலை மாணவி:
எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் உயர்தரத்துக்கு வரலாறு படிக்கிறேன். 2026 உலகக் கிண்ண உதைபந்தாட்டத்துக்குத் தெரிவான நகரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வட மெக்சிக்கோவின் மொன்டெரே மூன்று தடவை நிறுவப்பட்ட ஊர் என்று ஒரு வரி கண்ணில் பட்டது. முதல் இரண்டு தடவையும் என்ன நடந்தது? யாராவது விளங்கப்படுத்துவீர்களா?

டைக் வீதி வாத்தியார்:
பிள்ளை, 31 வருடம் வரலாறு படிப்பித்தேன். இந்த ஊரைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. மிகவும் சந்தோஷம்.

1577இல் அல்பெர்த்தோ டெல் கான்டோ ஊற்றுக்கண்கள் இருந்த ஓர் இடத்தில் குடியேறி, சாந்தா லூசியா என்று பெயர் வைத்தார். வறண்ட நாடு, ஊற்று உள்ள இடம்தான் ஊர். அது நிலைக்கவில்லை. 1582இல் லூயிஸ் டி கர்வஹால் அங்கேயே மறுபடி தொடங்கினார். நுவெவோ லெயோன் பிரதேசத்தின் முதல் ஆளுநர் அவர். போர்த்துக்கல்லில் பிறந்தவர், கிறிஸ்தவத்துக்கு மாறிய யூதக் குடும்பம். உறவினர்கள் யூத வழிபாட்டை இரகசியமாகத் தொடர்ந்ததைத் தெரிந்தும் மறைத்தார் என்று சமய விசாரணை மன்றம் அவரைப் பிடித்தது. சிறையிலேயே இறந்தார். ஊரும் கலைந்து போனது.

மூன்றாவது தடவை 1596 செப்டெம்பர் 20. டியேகோ டி மொன்டெமயோர் பன்னிரண்டு குடும்பங்களோடு வந்து, மெக்சிக்கோவை ஆண்ட ஸ்பெயின் அரசரின் அப்போதைய பிரதிநிதியான மொன்டெரே பிரபுவின் பெயரை வைத்தார். அதே ஆண்டு டிசெம்பரில் மெக்சிக்கோ நகரத்தில் கர்வஹாலின் தங்கையையும் அவருடைய பிள்ளைகள் சிலரையும் கொன்று எரித்தார்கள். இந்த இரண்டு திகதிகளையும் சேர்த்துப் படியுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அங்கே சொல்லும்படியாக வெள்ளி கிடைக்கவில்லை. அந்த மண்ணின் வேட்டைக் குடிகளைப் பிடித்துச் சுரங்கங்களுக்கு விற்றுத்தான் முதல் குடியேறிகள் பணம் பார்த்தார்கள்.

இது நமக்குத் தூரத்துக் கதையும் இல்லை. 1580 முதல் 1640 வரை ஸ்பெயினுக்கும் போர்த்துக்கல்லுக்கும் அரசர் ஒருவரே. 1620களில் கோணேசர் கோவிலை இடித்து, அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டிய பறங்கியரும் அந்த முடிக்குக் கீழேதான் இருந்தார்கள். கோட்டை வாசல் கல்லில் இரட்டைக் கயல் இன்றும் இருக்கிறது. சின்ன வயதில் அப்பா என் விரலைப் பிடித்து அதன் மேல் ஓட்டிக் காட்டினார். உப்புக் காற்றில் கல் சொரசொரத்துக் கிடந்தது. மீன் மட்டும் விரலுக்குத் தட்டுப்பட்டது.

சீனன்குடாக்காரன்:
வாத்தியார் விட்ட இடத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். கப்பலில் வேலை செய்த காலத்தில் அல்தமிரா துறைமுகத்தில் நின்றபோது பஸ் பிடித்து அந்த ஊருக்குப் போனேன்.

1846 செப்டெம்பரில் அமெரிக்கப் படை ஊரைப் பிடித்தது. தெருவில் இறங்கினால் சுடுகிறார்கள் என்று, வீட்டுக்கு வீடு சுவரை உடைத்துக்கொண்டு முன்னேறியிருக்கிறார்கள். போர் முடிந்து எல்லை ரியோ கிராண்டே ஆற்றுக்கு வந்தபோது மொன்டெரே எல்லைக்குப் பக்கத்து ஊராகிவிட்டது. அப்புறம் வியாபாரம்தான். 1882இல் எல்லையிலிருந்து ரயில், 1890இல் பியர் ஆலை, பியருக்குப் போத்தல் வேண்டும் என்று 1909இல் கண்ணாடி ஆலை. 1900இல் தொடங்கிய இரும்பாலை 1986இல் மூடப்பட்டது. அந்த நிலம் இப்போது பூங்கா. பழைய உலை ஒன்றை அப்படியே நிறுத்தி அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். துருப்பிடித்த அந்தக் குழாய்களுக்குக் கீழே பிள்ளைகள் சைக்கிள் ஓட்டினார்கள். சீனன்குடாவில் காட்டுக்குள் நிற்கும் எண்ணெய்த் தாங்கிகள்தான் எனக்கு ஞாபகம் வந்தன. அவற்றையும் இப்படிப் பேண வேண்டும் என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறேன்.

உவர்மலை மாணவி:
நன்றி சேர், நன்றி அண்ணா. ஊற்றை நம்பி வந்த ஊர் என்றீர்களே சேர், இப்போது அங்கே தண்ணீர் இருக்கிறதா?

டைக் வீதி வாத்தியார்:
சரியான இடத்தைத் தொட்டீர்கள், பிள்ளை. ஊருக்குள் சாந்தா கத்தரீனா ஆறு போகிறது, ஆனால் அநேகமாக வறண்ட மணல்தான். 1988 செப்டெம்பரில் கில்பர்ட் புயல் மழையில் அதே ஆறு பஸ்களை ஆட்களோடு அடித்துப் போனது. 2022இல் அணைகள் வற்றி, பல வீடுகளுக்கு நாளில் சில மணி நேரமே குழாயில் தண்ணீர் வந்தது. அந்தப் பன்னிரண்டு குடும்பங்கள் ஊற்றடியில் குந்தியிருந்த இடத்தில் அந்த வருடம் சனங்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள்.