சிகாடா செயற்கைக்கோள்: டாப்ளர் கணக்கில் கப்பல் தடத்தின் மறுபக்கம் போய்விடுகிறது, உதவி தேவை

கேள்வி:
வணக்கம். சோவியத் வணிகக் கப்பல்களும் மீன்பிடிக் கப்பல்களும் இருப்பிடம் அறியப் பயன்படுத்திய சிகாடா முறையைக் கணினியில் செய்து பார்க்கிறேன். செயற்கைக்கோளின் உயரம் 1,000 கி.மீ., பூமத்திய ரேகைக்குச் சுற்றுப்பாதையின் சாய்வு 83 டிகிரி, ஒரு சுற்றுக்கு 105 நிமிடம். மூர்மன்ஸ்குக்கு வடக்கே பேரன்ட்ஸ் கடலில் கப்பலை நிறுத்தி, அது அனுப்பும் 150 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு டாப்ளர் வளைகோடு (செயற்கைக்கோள் நகர்வதால் கப்பலில் கிடைக்கும் அதிர்வெண் நேரத்தோடு மாறுவதைக் காட்டும் கோடு) வரைந்தேன். அதிலிருந்து இடத்தைத் திரும்பக் கணக்கிட்டால், சில சமயம் செயற்கைக்கோள் தடத்தின் (அதன் பாதைக்கு நேர் கீழே பூமியில் விழும் கோட்டின்) மறுபக்கத்தில் கப்பல் நிற்கிறது. எங்கே பார்க்க வேண்டும்?

பதில்:
நிரல் சரியாக இருந்தாலும் இப்படி வரும். செயற்கைக்கோள் நெருங்கி வரும்போது அதிர்வெண் 3 கிலோஹெர்ட்ஸ் வரை கூடும்; விலகும்போது அதே அளவு குறையும். மாற்றம் பூஜ்யமாகும் நொடி, தடத்தில் எந்தப் புள்ளிக்கு நேரே கப்பல் இருக்கிறது என்று காட்டும். அந்த நொடியில் கோடு எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறதோ அதிலிருந்து தூரம் கிடைக்கும். இடமா வலமா என்பதை இரண்டும் சொல்லாது. அதைப் பிரித்துக் காட்டுவது பூமியின் சுழற்சிதான். அதைச் சேர்த்திருக்கிறீர்களா? சேர்த்திருந்தால் தடத்தின் இரு பக்கமும் தொடக்கப் புள்ளி வைத்து ஓட்டுங்கள். எச்சப்பிழை (அளந்த வளைகோட்டுக்கும் கணக்கிட்டதற்கும் உள்ள வேறுபாடு) குறைகிற பக்கமே கப்பல் உள்ள பக்கம்.

கேட்டவர்:
சுழற்சி இருக்கிறது. இரு பக்கமும் ஓட்டியதில் தெளிந்துவிட்டது, மிக்க நன்றி! ஆனால் அளவீட்டில் சிறிது இரைச்சல் சேர்த்தால், தலைக்கு நேர் மேலே போகும் சுற்றுகளில் மட்டும் தீர்க்கரேகை அலைபாய்கிறது.

மற்றொரு பதில்:
அந்தச் சுற்றுகளைத் தள்ளிவிடுங்கள். செயற்கைக்கோள் உச்சியில் போகும்போது கப்பல் சற்றுக் கிழக்கே நகர்ந்தாலும் இடைத்தூரம் ஏறக்குறைய மாறாது. வளைகோட்டில் பதிவதற்கு எதுவும் இல்லை. அடிவானத்தை ஒட்டிப் போகிறவையும் வேண்டாம்.

அடுத்து கப்பலை ஓடவிடுவீர்கள் அல்லவா? அங்கேதான் உண்மையான தொல்லை. ஒரு சுற்றில் செயற்கைக்கோள் 17 நிமிடம் வரை மட்டுமே அடிவானத்துக்கு மேலே தெரியும், அதற்குள் கப்பல் நகர்ந்துவிடும். வேகத்தில் ஒரு நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) பிழை இருந்தாலே இடம் ஏறத்தாழ கால் கடல் மைல் தள்ளிப்போகும். வேகத்தையும் திசையையும் கணக்கில் கொடுத்தே தீர வேண்டும். அயனி மண்டலம் (மேல் வளிமண்டலத்தில் மின்னூட்டத் துகள்கள் உள்ள அடுக்கு) ரேடியோ அலையில் உண்டாக்கும் பிழையையும் சேர்ப்பதாக இருந்தால் 400 மெகாஹெர்ட்ஸ் வளைகோடும் வேண்டும். இரண்டு அலைவரிசைகளையும் ஒப்பிட்டுத்தான் அந்தப் பிழையை நீக்கினார்கள்.